உப்பு டப்பாவுல அரிசி போடாதீங்க சார்!

உப்பு தண்ணி விட்டுக்குதுன்னு யார்கிட்டயாவது சொல்லிப் பாருங்க. நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள பதில் வந்து விழும். "நாலு அரிசி போட்டு வைங்க!" மளிகைக் கடைக்காரர் சொல்வார், மாமியார் சொல்வாங்க, டிவியில வர்ற சமையல் அம்மா சொல்வாங்க. இதுவரைக்கும் நானும் தலையாட்டிட்டுதான் இருந்தேன். வீட்டு அடுப்படியில அது ஒண்ணும் பெரிய பாவம் இல்ல. ஆனா இதே யோசனையைக் கொண்டு போய் அஞ்சாறு நாள் கடல்ல கிடக்கிற போட்டு சமையல்காரங்ககிட்ட, மைக் வெச்சு, பாடமா சொன்னாங்க பாருங்க... அன்னிக்கு வந்த கோவம் இன்னும் தீரல.

போன ஐப்பசியில நடந்தது. பாகூர் பக்கத்துக் கடலோர ஊர் ஒண்ணுல, விசைப்படகுல சமைக்கிறவங்களுக்கு "சுகாதாரமான சமையல்"னு ஒரு கூட்டம். யார் நடத்துனது, யார் பேசுனதுங்கிறது வேணாம் விடுங்க. என்கூட பாகூர்ல ஒண்ணாப் படிச்சவன் ஒருத்தன் போட்டுல சமையல் பண்றான். "வா மாப்ள, டீ வடை உண்டு"ன்னு இழுத்துட்டுப் போனான். (வடை உண்மையிலேயே நல்லா இருந்துச்சு. அதைக் குறை சொல்ல மாட்டேன்.)

பேச வந்தவர் மூணு விஷயம் சொன்னார். உப்புல அரிசி போடுங்க. கல் உப்பை விட்டுட்டு நல்லா உதிர்ற தூள் உப்பு வாங்குங்க. மூணாவது, கடல் காத்துல ஈரப்பதம் ஜாஸ்தி, அதனால உப்பு மசாலாவெல்லாம் கொஞ்சம் கெடத்தான் செய்யும், அதை ஒண்ணும் பண்ண முடியாது.

என் தோழன் எழுந்து கேட்டான். "சரிங்க சார், போட்டுல அந்த டப்பாவை எங்க வைக்கிறதுங்க?"

எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சுட்டு, "அதெல்லாம் நீங்கதான் பாத்துக்கணும்"னு அடுத்த தலைப்புக்குப் போயிட்டார்.

அன்னிக்குக் கேட்டதுலயே உருப்படியான கேள்வி அது ஒண்ணுதான். அதுக்குத்தான் பதில் வரல. சரி, அவர் சொன்ன மூணையும் ஒண்ணொண்ணா எடுத்துக்கறேன்.

மொதல்ல அரிசி. அரிசி ஈரத்தை இழுக்கும், அது நிஜம்தான். எவ்வளவு இழுக்கும்? கடையில வாங்குற அரிசியிலயே நூத்துக்குப் பன்னெண்டு பங்கு தண்ணி ஏற்கெனவே இருக்கு. மழைக்காலக் கடல் காத்துல வெச்சா அது பதினஞ்சு பங்கு வரைக்கும் ஏறும், அதுக்கு மேல பெருசா ஏறாது. ஆக 10 கிராம் அரிசி போட்டீங்கன்னா அது குடிக்கிற தண்ணி 0.3 கிராம். சொட்டு கணக்குல சொன்னா ஆறு சொட்டு. அவ்வளவுதாங்க! அதுவும் டப்பாவை சரியா மூடலைன்னா ஒரே ராத்திரியில அரிசி ஊறி "போதும்பா"ன்னு உக்காந்துடும். அதுக்கப்புறம் அது உப்புக்குள்ள கிடக்கிற வெறும் அரிசிதான்.

ஓட்டல் மேசையில இருக்கிற உப்புக் குப்பியில அரிசி போடுறாங்களேன்னு கேப்பீங்க. அங்க அது வேற வேலை பண்ணுது. குப்பியைக் குலுக்கும்போது அரிசி உருண்டு, கட்டி பிடிச்ச உப்பை உடைச்சு விடுது. போட்டுல யாரும் குப்பியில உப்பு குலுக்கி சாப்பிடறது இல்ல. அள்ளிப் போடுறாங்க. ரொம்ப ஆசையா இருந்தா அரிசியை நல்லா வறுத்து, ஆற வெச்சு, துணியில முடிஞ்சு போடுங்க. வறுத்த அரிசி மூணு பங்கு அதிகமா ஈரம் இழுக்கும். ஆனா ஈரம் ஏறினதும் திரும்ப வறுக்கணும். நடுக்கடல்ல எட்டு பேருக்கு சோறு வடிக்கிறவன், உப்புக்குள்ள இருக்கிற அரிசிக்கு வேற தனியா வறுத்துக்கிட்டு இருக்கணுமா?

ரெண்டாவது, உதிர்ற உப்பு. உப்புக்கு ஒரு எல்லைக்கோடு உண்டு. காத்தோட ஈரப்பதம் 75 சதவீதத்துக்குக் கீழ இருந்தா சுத்தமான உப்பு சும்மா இருக்கும். 75-ஐத் தாண்டினா காத்துல இருக்கிற தண்ணியை இழுத்து, தானே கரைய ஆரம்பிச்சுடும். நம்ம கடலோரத்துல ஐப்பசி கார்த்திகை விடியக்காலையில 80-க்கு மேல சர்வசாதாரணம். உதிர்ற உப்புல சேர்க்கிறாங்களே சிலிக்கா, மெக்னீசியம் கார்பனேட் மாதிரி சமாசாரம், அது துகளும் துகளும் ஒட்டாம பாத்துக்கும். 75-ங்கிற கோட்டை மேல தள்ளி வைக்காது. அமெரிக்காவுல மார்ட்டன் கம்பெனி 1911-ல மெக்னீசியம் கார்பனேட் சேர்த்து உதிர்ற உப்பு விக்க ஆரம்பிச்சுது. மழை நாள்லயும் கொட்டும்னு குடை பிடிச்ச பொண்ணு படத்தோட விளம்பரம் பண்ணி உலகமே அதைப் பார்த்துச்சு. மழை நாள்ல மூடுன வீட்டுக்குள்ள அது சரி. அலைத் தண்ணி தெறிக்கிற மேல்தட்டுல, வாய் திறந்த பாலிதீன் பாக்கெட்டுல, ரப்பர் பேண்டு போட்டு ஆணியில மாட்டி வெச்சிருக்கிற இடத்துல எந்த மருந்து சேர்த்த உப்பும் ரெண்டாம் நாள் கஞ்சிதான்.

இதுல இன்னொண்ணு. பெரிய கல்லுக்கு வெளித்தோல் கம்மி, தூளுக்கு ஜாஸ்தி. 4 மில்லிமீட்டர் கல்லை 0.4 மில்லிமீட்டர் தூளாக்கினா அதே எடைக்குக் காத்து படுற பரப்பு பத்து மடங்கு ஆயிடும். ஈரம் பிடிக்கிற வேகமும் அதுக்கு ஏத்த மாதிரிதான். கல் உப்பு கொஞ்சம் கசிஞ்சாலும் தண்ணி கீழ வடியும், மேல இருக்கிற கல் கல்லாவே இருக்கும். தூள் உப்பு அப்படியே கூழா நிக்கும்.

கல் உப்புலயும் வில்லங்கம் இருக்கு, மறைக்க மாட்டேன். புதுசா வாருன உப்புல மெக்னீசியம் குளோரைடு ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்த உப்பு 33 சதவீத ஈரப்பதத்துலயே தண்ணி இழுக்க ஆரம்பிச்சுடும். நம்ம ஊர்ல 33 எல்லாம் சித்திரை வெயில்லகூட அபூர்வம். உப்பளத்துல குவிச்சுப் போட்டு நாள்பட வைக்கிறப்ப அந்தக் கசப்புத் தண்ணி வடிஞ்சு போகும். அதனாலதான் பழைய ஆளுங்க புது உப்பை வாங்க மாட்டாங்க, பழைய உப்பாப் பாத்துக் கேப்பாங்க. வாங்கிட்டு வந்தாலும் கூடையில போட்டு வடிய விட்டுட்டுத்தான் ஜாடியில கொட்டுவாங்க.

இப்ப மூணாவதுக்கு வரேன். "கடல் காத்து, ஒண்ணும் பண்ண முடியாது." எனக்கு மண்டை சூடானதே இந்த இடத்துலதான்.

காத்துல எவ்வளவு தண்ணி இருக்கு? 30 டிகிரி சூடு, 85 சதவீத ஈரப்பதம்னு வெச்சுக்குங்க. அப்ப ஒரு லிட்டர் காத்துல இருக்கிற தண்ணி சுமாரா 25 மில்லிகிராம். ஒரு லிட்டர் டப்பாவைத் திறந்து உள்ள இருக்கிற காத்து முழுக்க மாறிட்டாக்கூட உள்ள போறது அவ்வளவுதான். அரைச் சொட்டு. இப்ப சாம்பார் கிண்டுன கரண்டியை அப்படியே உப்புக்குள்ள விடுங்க. கரண்டியில ஒட்டிக்கிட்டு இருக்கிற தண்ணி அரை மில்லிலிட்டர்னு வெச்சாலும், அது 20 லிட்டர் காத்துல இருக்கிற தண்ணிக்குச் சமம். அதாவது இருபது தடவை டப்பாவைத் திறந்து மூடுறதும் ஒரு தடவை ஈரக் கரண்டி விடறதும் ஒண்ணு! அப்ப குத்தவாளி காத்தா, கரண்டியா?

கரண்டியை விடுங்க, கை இருக்கே. வலை இழுத்த கையோட வந்து ஒருத்தர் உப்பு அள்ளுவார். கையில கடல் தண்ணி. ஒரு லிட்டர் கடல் தண்ணில 35 கிராம் உப்பு வகையறா இருக்குன்னா, அதுல ஒண்ணேகால் கிராம் மெக்னீசியம். மேல சொன்னேனே, 33-லயே தண்ணி இழுக்கிற சமாசாரம், அது. அதாவது நீங்க காசு கொடுத்து வாங்கின சுத்தமான உப்புக்குள்ள, தண்ணி இழுக்கிற சரக்கை நீங்களே கையால கொண்டு போய் வைக்கிறீங்க. அதுக்கப்புறம் அந்த உப்பு எவ்வளவு காஞ்ச இடத்துல இருந்தாலும் நசநசன்னுதான் இருக்கும். நல்ல தண்ணிக் கை பட்டாக்கூடப் பொறுத்துக்கலாம், காய்ஞ்சா போயிடும். கடல் தண்ணிக் கை பட்டது காய்ஞ்சாலும் போகாது.

ஆவி இன்னொரு பக்கம். கொதிக்கிற குழம்புக்கு நேர் மேல பாக்கெட்டைக் கவுத்துத் தட்டுறோம். கீழ இருந்து வர்ற ஆவி மொத்தமும் பாக்கெட்டு வாய்க்குள்ள போகுது. அப்புறம் அதை முறுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, "கடல் காத்து சார்"னு சொல்றோம். வீட்லயும் இதே கதைதான், என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

கூட்டம் முடிஞ்சதும் இதை அங்க இருந்த பெரியவர் ஒருத்தர்கிட்ட சொன்னேன். "தம்பி, உப்புக்குள்ள பொறந்தவன் நான், எனக்கே உப்பு பத்திப் பாடமா?"ன்னு கேட்டார். அவர் வயசுக்கு மரியாதை கொடுத்து அங்க பேசாம வந்துட்டேன். இங்க சொல்லிடறேன். உப்புத் தண்ணியில நாம பொறந்தது சரி. உப்பு விளைவிக்கிற தொழில் நம்ம புதுச்சேரிக்காரங்க கையை விட்டுப் போய் இருநூறு வருஷம் ஆச்சு. 1815-ல பிரிட்டிஷ்காரங்களும் பிரெஞ்சுக்காரங்களும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. பிரெஞ்சுப் பகுதியில விளையற உப்புல உள்ளூர்த் தேவை போக மிச்சத்தை பிரிட்டிஷ்காரங்களே வாங்கிக்குவாங்க, பதிலுக்கு பிரெஞ்சு அரசாங்கத்துக்கு வருஷம் 4 லட்சம் சிக்கா ரூபாய். அடுத்த சில வருஷத்துல உப்பு எடுக்கிறதையே நிறுத்த வெச்சு நஷ்டஈடு கொடுத்துட்டாங்க. அவங்க பக்கத்து உப்பு வரிக்கு ஆபத்து வரக்கூடாது பாருங்க! டவுன்ல உப்பளம்னு ஒரு இடம் இருக்கு. பேர் மட்டும் மிச்சம். இன்னிக்கு உப்பளம் பாக்கணும்னா மரக்காணம்தான் போகணும். அதனால உப்பைப் பத்தி நமக்கு ரத்தத்துலயே தெரியும்ங்கிற பெருமையெல்லாம் கொஞ்சம் ஓரமா வெச்சுடலாம்.

இதே பெருமையில இன்னொரு பேச்சும் ஓடும். "நாங்க கடல் காத்துலயே இருக்கோம், எங்களுக்கு அயோடின் உப்பெல்லாம் எதுக்கு?" தப்புங்க. ஒரு லிட்டர் கடல் தண்ணில இருக்கிற அயோடின் 0.06 மில்லிகிராம் அளவுதான். அது அத்தனையும் உப்புலயே தங்கிடுச்சுன்னு வெச்சாலும் ஒரு கிலோ உப்புக்கு 2 மில்லிகிராம் தேறாது. கடையில விக்கிற அயோடின் உப்புல நம்ம கைக்கு வரும்போது கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது இருக்கணும்னு கணக்கு. அயோடின் இல்லாத உப்பை சாப்பாட்டுக்கு விக்கக்கூடாதுன்னு 2006 மே மாசத்துல இருந்து தடை வந்ததும், அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2011-ல தீர்ப்பு வந்ததும் வேற கதை, அதுக்குள்ள இப்ப போகல. இங்க எனக்குத் தேவையானது ஒண்ணுதான். அந்த அயோடின், பொட்டாசியம் அயோடேட்டுங்கிற உருவத்துல உப்புமேல ஒட்டிக்கிட்டு இருக்கு. உப்பு தண்ணி விட்டா அது அந்தத் தண்ணியில கரைஞ்சு, தண்ணியோடயே பாக்கெட்டுக்கு அடியில இறங்கிடும். நாம என்ன பண்றோம்? அடியில தேங்கின தண்ணியைக் கடல்ல ஊத்திட்டு மேல இருக்கிறதைச் சமைக்கிறோம். காசு கொடுத்து வாங்கின அயோடினைத் திருப்பி கடலுக்கே கொடுக்கிற புண்ணியவான்கள் நாமதான்.

சரி, உப்பு கரைஞ்சா உப்புதானே போச்சு, ஒரு கிலோ என்ன விலை, அதுக்கா இவ்வளவு எழுதறேன்னு கேக்கலாம். உப்பு கெடாது, ஒத்துக்கறேன். கெடறது மசாலா. உப்பு கசியிற அதே பெட்டியிலதான் மிளகாய்த்தூளும் தனியாத்தூளும் மஞ்சளும் இருக்கும். மிளகாய்த்தூள்ல 11 சதவீதத்துக்கு மேல ஈரம் இருக்கக்கூடாதுன்னு அரசாங்கமே அளவு வெச்சிருக்கு. அதுக்கு மேல போக ஆரம்பிச்சா பூசணம் பிடிக்க வழி ஆயிடும். சில பூசணம் அஃப்ளடாக்சின்னு ஒரு விஷத்தை உண்டு பண்ணும். கல்லீரலைப் பதம் பாக்கிற விஷம் அது. மேல வெள்ளையா தெரியிறதைச் சுரண்டிப் போட்டுட்டா போயிடாது. கொதிக்க வெச்சாலும் போகாது. "அதான் நல்லாக் கொதிக்குதே மாப்ள"ன்னு என் தோழனும் ரொம்ப நாள் நம்பிக்கிட்டுத்தான் இருந்தான்.

அவன் கதையைச் சொல்லிடறேன், அதுக்குத்தான் இந்தப் பதிவே. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, கார்த்திகை மாசம். தேங்காய்த்திட்டு துறைமுகத்துல இருந்து கிளம்பினாங்க. எட்டு பேர், ஆறு நாளைக்கு சாமான். வில்லியனூர் கடைத்தெருவுல வாங்கின மிளகாய்த்தூள் ஒரு கிலோ, ஒரே பாக்கெட். முதல் நாளே பாக்கெட்டை வெட்டியாச்சு. ரெண்டாம் நாள் ராத்திரி அலை ஏறி, ஓட்டுற ரூமுக்குள்ள தண்ணி அடிச்சு, மாட்டி வெச்சிருந்த பை நனைஞ்சுது. நாலாம் நாள் தூள்ல கட்டி, மேல லேசா வெள்ளை. மேலாக எடுத்துப் போட்டுட்டு மிச்சத்துல குழம்பு வெச்சான். கடல்ல வேற என்ன வழி? அன்னிக்கு ராத்திரி ரெண்டு பேருக்கு வாந்தி, வயித்துப்போக்கு. மசாலாதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். தண்ணியா இருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம். ஆனா போட்டு ஒரு நாள் முன்னாடியே திரும்புச்சு. கரைக்கு வந்து கணக்கு பாக்கிறப்ப, வீணாப் போன மளிகைக்குன்னு அவன் பங்குல பிடிச்சுக்கிட்டாங்க.

வலை கிழிஞ்சா அது போட்டு செலவு. டீசல் கூடுதலா குடிச்சா அது போட்டு செலவு. ஐஸ் உருகினா போட்டு செலவு. மிளகாய்த்தூள் நனைஞ்சா மட்டும் சமையல்காரன் செலவு! ஏங்க, ஐஸ் வைக்க அறை கட்டிக் கொடுத்தீங்க, மீன் வைக்க அறை கட்டிக் கொடுத்தீங்க, டீசலுக்கு டேங்க் கட்டிக் கொடுத்தீங்க. மிளகாய்த்தூளுக்கு ஒரு ஆணி அடிச்சுக் கொடுத்தீங்க. அப்புறம் அது நனைஞ்சா அவன் எப்படிப் பொறுப்பு?

ஒரு போட்டைக் கட்டறப்ப எஞ்சின் எந்தக் கம்பெனி, எத்தனை குதிரைசக்தி, ஜிபிஎஸ் இருக்கா, மீன் பாக்கிற கருவி இருக்கா, எல்லாம் விலாவாரியா பேசறாங்க. அரசாங்கத் திட்டமும் அப்படித்தான். 2017-ல பாக் நீரிணைப் பக்கம் இழுவைப் படகுகளுக்குப் பதிலா ஆழ்கடல் சூரை மீன்பிடி படகுன்னு ஒரு திட்டம் வந்துச்சு. படகு ஒண்ணு 80 லட்சம், அதுல 70 சதவீதம் மானியம். பத்திரிகையெல்லாம் எஞ்சின், தூண்டில், குளிர்சாதனம்னு பக்கம் பக்கமா எழுதுச்சு. வாரக்கணக்குல கடல்ல கிடக்கப் போற ஆளுங்க என்னத்தை எங்க வெச்சு சமைப்பாங்கன்னு எழுதின ஒரு வரியை நான் படிக்கல. 2007-ல உலகத் தொழிலாளர் அமைப்பு மீன்பிடித் தொழிலுக்குன்னு ஒரு உடன்படிக்கை போட்டுச்சு, 2017-ல அது அமலுக்கும் வந்துச்சு. அதுல படகுல இருக்கிறவங்களுக்குத் தரமான சாப்பாடு, தண்ணி, அதை வைக்க இடம்னு எல்லாம் பேசியிருக்கு. நம்ம பக்கம் அதெல்லாம் ஜெனிவா சமாசாரம்.

இத்தனைக்கும் காஞ்ச இடம் உண்டாக்க லட்சமெல்லாம் வேணாம். காத்து சூடானா அதோட ஈரப்பதம் தானா இறங்கும். 30 டிகிரியில 85 இருக்கிற காத்தை 35 டிகிரிக்குக் கொண்டு போங்க, 64 ஆயிடும். வெறும் அஞ்சு டிகிரி! உப்போட எல்லைக்கோடு 75. அதுக்குக் கீழ வந்தாச்சு. 40 டிகிரின்னா 50-க்கும் கீழ. போட்டுல சூட்டுக்கா பஞ்சம்? எஞ்சின் ரூம் சுவரோட வெளிப்பக்கம் எப்பவும் கதகதன்னுதான் இருக்கு. அந்தச் சுவரை ஒட்டி, அலை தெறிக்காத உயரத்துல, கதவு வெச்ச ஒரு சின்னப் பெட்டி. அவ்வளவுதான். எஞ்சின் ரூமுக்கு உள்ள மட்டும் வைக்காதீங்க, ரெண்டே நாள்ல குழம்பு டீசல் வாசனை அடிக்கும். (ஒருத்தர் வெச்சுப் பாத்திருக்கார். பேர் சொல்ல மாட்டேன்.) மிளகாய்த்தூள் ரொம்ப சூட்டுல நிறமும் மணமும் போகும், அதனால அது பெட்டியோட வெளி ஓரத்துல இருக்கட்டும். உப்பு சுவர்ப் பக்கம்.

நம்ம பாட்டிங்க உப்பு ஜாடியை எங்க வெச்சாங்க? அடுப்பு மேட்டு ஓரத்துல. அவங்க ஈரப்பதம் கணக்கு போடல, ஆனா இடம் சரியாப் பிடிச்சிருந்தாங்க. கேஸ் அடுப்பு வந்து, ஷெல்ஃபு வந்து, உப்பு தண்ணிக் குழாய் பக்கம் போயிடுச்சு. அப்புறம் அரிசி போட ஆரம்பிச்சோம்.

பாட்டி பேச்சு வந்துடுச்சு, வடகத்தைச் சொல்லாம போனா பாவம். பங்குனி சித்திரை வெயில்ல வீட்டு மாடியில நாம காய வைக்கிற தாளிப்பு வடகம் இருக்கே, சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, சீரகம், வெந்தயம், உளுந்து, மஞ்சள் எல்லாம் சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைஞ்சு உருண்டை பிடிச்சு, நாள் கணக்குல காய விடறது. போட்டுக்குன்னே யாரோ கண்டுபிடிச்ச மாதிரி இருக்கு அது. எண்ணெய் பூசின உருண்டைக்குள்ள ஈரம் சுலபமா போகாது. கரண்டி விட வேணாம், ஒரு தடவைக்கு ஒரு உருண்டை. ஒண்ணு நனைஞ்சா ஒண்ணுதான் போகும், ஒரு கிலோவும் போகாது. இதை நம்மகிட்ட இருந்து கத்துக்கிட்டுப் போன பிரெஞ்சுக்காரங்க வடுவான்னு பேர் வெச்சுப் பெரிய பெரிய ஓட்டல்ல சமைக்கிறாங்க. நம்ம போட்டுல அரைக் கிலோ வடகம் ஏத்தணும்னா, "அதெல்லாம் வீட்டு சமாசாரம்"ங்கிறாங்க. தூள்தான் வேணுமாம், அதுவும் பாக்கெட்டுல.

அந்தக் கூட்டத்துக்கப்புறம் தோழனும் நானும் உக்காந்து யோசிச்சு ஒரு ஏற்பாடு பண்ணினோம். காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டில், அரை லிட்டர் அளவு, திருகு மூடி. நல்லாக் கழுவி, ரெண்டு நாள் வெயில்ல கவுத்து வெச்சு, உள்ள பொட்டு ஈரம் இல்லாம பண்ணி, கரையிலயே அடைச்சுக்கிறது. எட்டு பேருக்கு நாளுக்கு 100 கிராம் கல் உப்பு, நாளுக்கு ஒரு பாட்டில். மிளகாய்த்தூளும் அதே மாதிரி நாளுக்கு ஒண்ணு. வாய் சின்னதா இருக்கிறதால கையும் போகாது, கரண்டியும் போகாது. அடுப்பை விட்டு ஒரு எட்டு தள்ளி நின்னு, காய்ஞ்ச கிண்ணத்துல கொட்டி, கிண்ணத்துல இருந்து குழம்புக்கு. நேரா குழம்பு மேல கவுக்கிறவனுக்கு அன்னிக்கு டீ கிடையாதுன்னு சட்டம். ஒரு பாட்டில் நாசமானாலும் ஒரு நாள் சரக்குதான் நாசம்.

அந்த மழைக்காலம் முழுக்க ஒரு பாட்டில்கூடத் தண்ணி விடல. ஒண்ணே ஒண்ணு உருண்டு கடலுக்குள்ள போயிடுச்சு, அது வேற விஷயம். அது உருண்டதுக்குக் காரணமும் வைக்க இடம் இல்லாததுதான். பாட்டில்களைக் கோணிப்பையில கட்டி மூலையில போட்டு வெச்சிருக்கான். பெட்டி இன்னும் வரல. ஓனர்கிட்ட கேட்டிருக்கான், "பாக்கலாம்"னு சொல்லியிருக்காராம்.

ஓனர்மாருங்களே, ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். போட்டைக் கரையில ஏத்தி, சுரண்டி, பெயிண்ட் அடிச்சு, எஞ்சினைப் பிரிச்சுப் போட்டு வேலை பாப்பீங்க. தச்சர் எப்படியும் வருவார். ரெண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு கதவு, ரெண்டு கீல், கதவு விளிம்புக்கு ஒரு ரப்பர் பட்டை. எஞ்சின் ரூம் சுவருக்கு வெளிப்பக்கம். அரை நாள் வேலை. அதுவரைக்கும் மசாலா நனைஞ்சா சமையல்காரர் பங்குல கை வைக்காதீங்க.

பி.கு: பேச வந்த சார் எப்பவாவது இதைப் படிச்சா, சார், வடை நிஜமாவே நல்லா இருந்துச்சு. அடுத்த கூட்டத்துல அந்தக் கேள்வி மறுபடி வரும். "எங்க வைக்கிறது?"ன்னு கேட்டா எஞ்சின் ரூம் சுவருன்னு சொல்லிடுங்க.